கையெழுத்துப் பக்கத்தில் பிளேடு வைக்காதீர்கள்

மேற்கு மாம்பலத்தில் ஒரு வீடு. பெரியவர் காலமாகி இருபது நாள்தான் ஆகியிருந்தது. ஹாலில் இருந்த பெஞ்சின் மேல் புத்தகங்களைத் தூசி தட்டி வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். முதல் புத்தகத்தைத் திறந்தேன். தலைப்புப் பக்கத்துக்கு முன்னால் இருக்க வேண்டிய தாளைக் காணோம். தையலோரமாக பிளேடு போன நேர்க்கோடு மட்டும் இருந்தது. அடுத்த புத்தகத்திலும் அப்படியே.

"அப்பாவுக்கு அவங்க எழுதிக் கொடுத்த பக்கம் சார். அதை மட்டும் ஞாபகத்துக்கு எடுத்து வெச்சுக்கிட்டோம். புக்கெல்லாம் நீங்க எடுத்துக்கலாம்" என்றார் மகள். உள்ளே போய் ஒரு ஃபைலைக் கொண்டுவந்து காட்டினார். முப்பத்தொரு தாள்கள். அவற்றில் ஒன்பது பளபளவென்று லேமினேஷன் செய்யப்பட்டிருந்தன.

பழைய தமிழ் நூல்களை மதிப்பிட்டு விற்றுக் கொடுக்கும் வேலையைச் சென்னையில் இருபது வருஷத்துக்கு மேலாகச் செய்கிறேன். கரையானால் போன புத்தகங்களைப் பார்த்திருக்கிறேன், 2015 வெள்ளத்தில் ஊறிப்போனதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் பாசத்தால் போனவைதான் அதிகம். சில வீடுகளில் இப்படி வெட்டி எடுத்துவிடுவார்கள். வேறு சில வீடுகளில் 'அப்பா பேர் வெளியே போக வேண்டாம்' என்று மார்க்கர் பேனாவால் அடித்துவிடுவார்கள்.

அந்தப் பேர்தான் பல சமயம் சரக்கே. வெறும் கையெழுத்துக்கு நீங்கள் நினைக்கிற விலை கிடையாது. நந்தனம் புத்தகக் காட்சியில் வரிசையில் நின்று வாங்கிய 'அன்புடன்' பிரதிகள் இந்த ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கின்றன. எழுதிக் கொடுத்தது யாருக்கு, எந்தத் தேதியில், எந்தப் பதிப்பில் என்பதைத்தான் வாங்குகிறவர் கேட்பார். ஒரு நாவலாசிரியர் தன் பிழைதிருத்துநருக்கு, புத்தகம் வந்த வாரத்திலேயே, 'மூன்றாம் அத்தியாயத்தைக் காப்பாற்றியவருக்கு' என்று எழுதிக் கொடுத்திருந்தார். அட்டை கிழிந்த பிரதிதான். இருந்தும் அதே எழுத்தாளர் கையெழுத்திட்ட புத்தம்புதுப் பிரதியைவிட ஏழு மடங்கு விலைக்குப் போனது.

இதில் ஒரு சங்கடம் இருப்பது உண்மைதான். சென்னை இலக்கிய உலகம் ரொம்பச் சின்னது. தான் அன்போடு எழுதிக் கொடுத்த பிரதியைத் திருவல்லிக்கேணி நடைபாதையில் பார்த்து மனம் கசந்த எழுத்தாளர்களை எனக்குத் தெரியும். எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருந்தால் அந்தப் புத்தகத்தை இப்போதைக்கு விற்காமல் வையுங்கள், அல்லது ஒரு நூலகத்துக்குக் கொடுங்கள். பேரை அழிப்பது மட்டும் வேண்டாம்.

கையெழுத்து நிஜமா என்ற கேள்விக்கு வருகிறேன். முக்கால்வாசி நேரம் ஏமாற்று எதுவும் இருக்காது. அந்தக் காலத்தில் முன்னுரையின் கீழே ஆசிரியர் கையெழுத்தை உலோகத் தகட்டில் பிளாக் செய்து அச்சிடுவார்கள். அதைப் பேனாக் கையெழுத்து என்று நம்பி வருகிறவர்கள் அதிகம். ஒரு பூதக்கண்ணாடி போதும். பேனா மை பழைய தாளில் நூல் நூலாகக் கசிந்திருக்கும், கோடு தடித்தும் மெலிந்தும் ஓடும். அச்சுக் கையெழுத்து பக்கத்தில் உள்ள எழுத்துகளின் அதே கறுப்பில், சீராக இருக்கும். அப்புறம் அச்சான வருஷத்தைப் பாருங்கள். புதுமைப்பித்தன் காலமானது 1948 ஜூனில். அவர் 'கையெழுத்திட்ட' ஒரு பிரதியை ஒருவர் துணியில் சுற்றிப் பத்திரமாகக் கொண்டுவந்தார். உள்ளே அச்சு விவரம் 1954 என்றது. அதை அவருக்குக் காட்டிவிட்டு, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

விற்பதற்கு முன் ஒவ்வொரு புத்தகத்தையும் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பாருங்கள். உள்ளே கடிதம் இருக்கும், போஸ்ட் கார்டு இருக்கும். ஒரு முறை அடகுக்கடை ரசீதே இருந்தது. கடிதத்தைப் பொறுத்தவரை சட்டம் கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது. காகிதம் உங்களுடையது, விற்கலாம். ஆனால் அதை அச்சிடும் உரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும்தான். கதை, கவிதையை ஆசிரியர் கையால் எழுதிய மூலப் பிரதி மறுவிற்பனையாகும்போது விலை 10,000 ரூபாயைத் தாண்டினால், பதிப்புரிமைச் சட்டத்தின் 53ஏ பிரிவுப்படி எழுதியவரோ வாரிசோ பங்கு கேட்க இடமுண்டு. உச்சவரம்பு 10 சதவீதம். இலக்கிய மதிப்புள்ள, கையால் எழுதிய ஆவணம் 75 வருஷத்தைத் தாண்டினால் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தில் அது தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. சிங்கப்பூரிலிருந்து யாராவது நல்ல விலை சொன்னால் உடனே கூரியர் ஆபீசுக்குக் கிளம்பிவிடாதீர்கள்.

விற்பனையில் நடக்கிற பெரிய நஷ்டம் இதுதான்: முதலில் வருகிறவர் கையெழுத்துள்ள முப்பதை மட்டும் பொறுக்கிக்கொண்டு போவார். மிச்சம் எண்ணூறு பழைய பேப்பர் கடையில் கிலோக் கணக்கில் தராசு ஏறும். அந்த எண்ணூறுக்குள் சி.சு. செல்லப்பா 1959-இல் தொடங்கிய 'எழுத்து' இதழின் வரிசை இருக்கலாம். வாரப் பத்திரிகைத் தொடர்கதையைப் படங்களோடு கிழித்துச் சேர்த்து பாட்டி பைண்டிங் செய்து வைத்த தொகுப்பும் இருக்கலாம். கையெழுத்துகளைவிட இவற்றுக்காக அலைகிறவர்கள் உண்டு. அதனால் முதல் வேலை பட்டியல் போடுவது. அட்டை, தலைப்புப் பக்கம், அச்சு விவரப் பக்கம், கையெழுத்துப் பக்கம் என்று நாலு போட்டோ. எண் போட வேண்டுமென்றால் பென்சிலால் போடுங்கள். ஸ்டிக்கர், செல்லோடேப் எதுவும் வேண்டாம். பூச்சி போக மொட்டை மாடியில் வெயிலில் காயவைக்கிற பழக்கத்தையும் விடுங்கள். மை வெளுத்துவிடும்.

சேர்ந்து இருந்தால்தான் மதிப்பு என்ற தொகுப்புகளும் உண்டு. பழைய தமிழ் நூல்களைச் சேகரித்த கோட்டையூர் ரோஜா முத்தையா 1992-இல் மறைந்தார். அவருடைய சேகரிப்பை சிகாகோ பல்கலைக்கழகம் மொத்தமாக வாங்கியது. அது சிதறாமல் சென்னைக்கு வந்ததால்தான் 1994-இல் ஒரு ஆராய்ச்சி நூலகம் உருவானது. இன்றைக்கு அது தரமணியில் இருக்கிறது. உங்கள் அப்பாவின் அலமாரி அந்த அளவுக்கு இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் ஒரே துறையில் நாற்பது வருஷம் சேர்த்தது என்றால், பிரிப்பதற்கு முன் அந்த மாதிரி ஒரு நூலகத்தைக் கேட்டுப் பாருங்கள்.

விலை சொல்லும் வியாபாரி, தான் விற்கப்போகும் விலையில் மூன்றில் ஒரு பங்கு கொடுத்தால் அதை நான் ஏமாற்று என்று சொல்லமாட்டேன். சில புத்தகம் அவரிடம் மூன்று வருஷம் தூங்கும். பட்டியலைப் பார்க்காமலே 'மொத்தமா இவ்வளவு' என்று நோட்டுக்கட்டை எடுப்பவரிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஆன்லைனில் வருகிறவர் அட்வான்ஸ் அனுப்புகிறேன், இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து யுபிஐ பின் நம்பரைப் போடுங்கள் என்றால் போனை வைத்துவிடுங்கள். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் நம்பர் தேவையே இல்லை.

மாம்பலம் வீட்டுக்கு வருகிறேன். "ஃபெவிகால் போட்டு ஒட்டிரலாமா சார்?" என்று அந்தப் பெண் கேட்டார். வேண்டாம் என்றேன். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து, எந்தத் தாள் எந்தப் புத்தகத்துக்குரியது என்று சேர்க்கத் தொடங்கினோம். சிலதற்குத் தேதி உதவியது. ஒன்றில் பூச்சி போட்ட துளை வழிகாட்டியது. தாளை உரிய இடத்தில் வைத்ததும், அதிலிருந்த துளையும் அடுத்த ஆறு பக்கத் துளைகளும் ஊசி கோத்த மாதிரி நேராக வந்தன. இருபத்திரண்டு தாள்களை ஒட்டாமல் அந்தந்த இடத்திலேயே வைத்து, பட்டியலில் 'முன்தாள் வெட்டப்பட்டது, உடன் உள்ளது' என்று எழுதினேன். முழுசாக இருந்திருந்தால் நான் சொல்லியிருக்கும் விலையில் பாதிக்குப் போயின. லேமினேஷன் செய்த ஒன்பதையும் அவற்றின் புத்தகங்களோடு அவரே வைத்துக்கொண்டார்.