பொன்னாடை போர்த்துங்கள், கிளினிக் போகவும் விடுங்கள்

மார்ச் 8, மகளிர் தினம் வந்தால் எங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கோயில் மண்டபத்தில் கதிரை போட்டு, மைக் கட்டி, ஐந்தாறு பெண்களை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துவார்கள். நல்ல விஷயம்தான். புருஷன் போன பிறகு கொழுந்து பறித்தே பிள்ளைகளைப் படிக்க வைத்தவரை வாழ்த்தாமல் வேறு யாரை வாழ்த்துவது? ஆனால் பேச வருகிறவர்கள் ஒரு வசனத்தைத் தவறாமல் சொல்கிறார்கள்: "எவ்வளவு கஷ்டம் வந்தாலும் ஒரு நாள்கூட வேலைக்குப் போகாம இருந்ததில்ல." கைதட்டல் பலமாக விழும். இலங்கையின் மலையகத்தில், நுவரெலியா மாவட்டத்தில் வைத்தியராக வேலை பார்க்கும் எனக்கு அதைக் கேட்டால் கவலைதான் வருகிறது. ஒரு நாளும் வேலையை விடாதவர் கிளினிக்குக்கு எப்போது போயிருப்பார்?

எங்களிடம் வரும் பெண்கள் பலர் வேறு ஏதோ ஒன்றுக்காகத்தான் வருவார்கள். தோள்பட்டை வலி, கூடைக் கயிறு இழுத்து இழுத்துக் கழுத்து வலி. போகிற போக்கில், "மலை ஏறினா மூச்சு வாங்குது டொக்டர், வயசாகுதில்ல" என்பார்கள். சொல்கிறவருக்கு வயது நாற்பதைச் சுற்றி இருக்கும். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே சிவப்பே இல்லை, இரத்தச்சோகை. இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு 12க்குக் குறையாமல் இருக்க வேண்டும், கர்ப்பிணிக்கு 11. ஏழோடும் எட்டோடும் கூடை சுமந்து மலை ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள்.

மாதவிடாய் எப்படி என்று கேட்டால் தலை குனியும். தாதியை வெளியே அனுப்பிவிட்டு மறுபடி கேட்டால் மெல்லச் சொல்வார்கள். பத்து நாளாகியும் நிற்பதில்லை, கட்டி கட்டியாகப் போகிறது, துணி மாற்ற மலையில் இடமில்லை, இடுப்பில் சுற்றும் படங்குத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போவது வரை தாங்க வேண்டும். "பழகிப் போச்சு டொக்டர்." மலையில் கக்கூஸ் இல்லாததால் தண்ணீரே குடிக்காமல் இருந்து, சிறுநீர்ப்பாதையில் கிருமித் தொற்றோடு வருகிறவர்களும் இந்தப் பழகிப் போச்சுக் கூட்டத்தில்தான் அடக்கம்.

சாப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். காலையில் ரொட்டியும் வெறும் தேத்தண்ணியும்தான். உணவோடு தேயிலைச் சாயம் சேர்ந்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்கினாலும் அதே கதைதான். ஒரு மணி நேரம் விட்டுக் குடியுங்கள். குளிசையைத் தேசிக்காய்த் தண்ணீரோடு எடுத்தால் நல்லது. தேயிலைத் தோட்டத்தில் நின்று தேத்தண்ணியைக் குறை சொல்லும் என்னைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் குறைவு.

இதையெல்லாம் முன்கூட்டியே பிடிக்க வழி இல்லாமல் இல்லை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் சுகவனிதையர் கிளினிக் 1996இலிருந்து நடக்கிறது. 35 வயதிலும் 45 வயதிலும் கட்டாயம் வரச் சொல்கிறோம். பிரஷர், சீனி பார்ப்போம், மார்பைப் பரிசோதிப்போம், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வருவதற்கு முன்பே அறிகுறி தெரிகிறதா என்று பார்ப்போம். சதமும் கட்டத் தேவையில்லை. ஆனால் அன்றைக்குப் பேர் விழாதே, அதாவது நாள் சம்பளம் கிடைக்காதே!  அந்தச் சம்பளத்தையும் விட்டு, ஆட்டோவுக்கும் கொடுத்து வா என்றால் யார் வருவார்? பெண்களுக்கு விழிப்புணர்வு போதாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. அவர்களுக்கு விஷயம் தெரியும், நாள்தான் கிடைப்பதில்லை.

பொறுத்துப் போவதுதான் மலையகப் பெண்ணின் பெருமை என்பதும் சரித்திரத்தோடு ஒட்டவில்லை. மீனாட்சி அம்மாள் தன் கணவரான தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யரோடு தோட்டக் கூட்டங்களுக்குப் போய், தொழிலாளரின் உரிமைக்காகத் தானே பாட்டெழுதிப் பாடியவர். தோட்டத்துக்குள் வெளியாள் கால் வைக்கவே தோட்ட நிர்வாகிகளான துரைமார் விடாத காலம் அது. 2024 நவம்பரில் கிருஷ்ணன் கலைச்செல்வியும் அம்பிகா சாமுவேலும் நாடாளுமன்றம் போனபோதுதான் மலையகப் பெண்கள் முதன்முதலாக அங்கே உறுப்பினர்களானார்கள். 1931இல் வந்த வாக்குரிமையையும் 1948இல் மலையக மக்களிடமிருந்து பறிபோன குடியுரிமையையும் நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு தாமதம் என்று தெரியும்.

நான் மேடையேற்ற நினைக்கும் ஓர் அக்கா இருக்கிறார். கிளினிக்கில் அவருக்கு ஆரம்ப நிலையில் மாற்றம் தெரிந்து, சிகிச்சை எடுத்துச் சுகமானார். அதோடு விடவில்லை. திரும்பிப் போய், காலையில் வேலைக்குப் பேர் பதியும் பிரட்டுக் களத்திலேயே, வேலையை மேற்பார்க்கும் கங்காணியிடம், "நாங்க பத்துப் பேர் வியாழக்கிழமை கிளினிக் போறோம், அரைப்பேராவது போடுங்க" என்று கேட்டிருக்கிறார். முதலில் முடியாது என்றார்களாம். எல்லாருமாகத் தோட்ட ஒஃபீஸ் வாசலில் போய் நின்றதும் ஒத்துக்கொண்டார்கள். வந்தவர்களில் இருவரை மேலதிகப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. இந்த அக்காவைப் பொறுமைசாலி என்று யாரும் சொல்ல மாட்டார்கள், வாய்க்காரி என்பார்கள்.

விழா எடுக்கும் இளைஞர் மன்றத் தம்பிமாருக்கு ஒரு கோரிக்கை. பரிசுக்கு எவர்சில்வர் பாத்திரம் வாங்கும் காசில் ஒரு வேன் பிடியுங்கள். தோட்ட நிர்வாகத்திடம் முன்கூட்டியே கடிதம் கொடுத்து, அந்த அரை நாளுக்குச் சம்பளம் கேளுங்கள். உங்கள் பகுதி மருத்துவிச்சியான குடும்பநல மாதுவிடம் சொன்னால் பெயர்களைப் பதிந்து வைப்பார். கிளினிக் நாள் ஒவ்வொரு பகுதிக்கும் வேறு, அதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம். 35, 45 தாண்டிவிட்டதே என்று யாரும் தயங்க வேண்டாம், திருப்பி அனுப்ப மாட்டோம்.