‘இமோ’ தங்கை இல்லை

பழைய ஜப்பானியக் காதல் கவிதை ஒன்றின் தமிழாக்கத்தில் ‘என் தங்கையே’ என்ற விளியைப் போன வாரம் படித்தேன். ‘இமோ’ என்ற ஜப்பானியச் சொல் தங்கையானதை நான் பார்ப்பது இது மூன்றாவது முறை. இதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

இமோ என்பது ஆண் வாயில் வரும் சொல். உடன்பிறந்தவள் அக்காளானாலும் தங்கையானாலும் இமோதான்; மனைவியும் காதலியும்கூட இமோ. பெண் வாயில் இதற்கு இணை ‘செ’. பின்னாளில் இமோவோடு ஆளைக் குறிக்கும் ‘ஹிதோ’ சேர்ந்து ‘இமோதோ’ ஆயிற்று. இன்று அதற்குத் தங்கை என்பதே பொருள். இந்த இன்றைய பொருளை எடுத்து அந்தப் பழங்காலக் கவிதையில் ஒட்டியதுதான் கோளாறு.

மன்யோஷூ என்ற பழைய ஜப்பானியக் கவிதைத் தொகையின் முதல் தொகுதியில் 21ஆம் பாட்டைப் பாருங்கள். 668இல், கமோ வெளியில் அரசவையினர் வேட்டைக்குப் போன நாளில், இளவரசர் ஓஅமா நுகதா இளவரசிக்குச் சொன்னது. முன்பு அவருக்கு ஒரு மகளைப் பெற்றுத் தந்தவள் அவள். பாட்டிலோ அவளை ‘ஹிதொசுமா’, அதாவது பிறன்மனை என்கிறார். அதே பாட்டில்தான் ‘இமோ’ என்றும் அழைக்கிறார். அங்கே ‘தங்கை’ என்று போட்டால் என்ன ஆகும்? உடன்பிறந்தவள்மேல் காதல் கொண்டவன் ஆகிவிடுகிறார் அந்த மனிதர்! மொழிபெயர்த்தவர் தாம் எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படித்திருந்தாலே கை கூசியிருக்கும். அகராதியின் முதல் பொருளோடு நிறுத்திக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் பெருகிவிட்டது.

‘தலைவி’ என்று போடலாமே என்கிறார்கள். அது இலக்கணக்காரர் சொல். ‘தலைவன் தலைவிக்கு உரைத்தது’ என்று பாட்டுக்கு வெளியே நிற்பது. எந்தத் தலைவன் அவளைத் ‘தலைவி’ என்று வாய்திறந்து கூப்பிட்டான்? ‘காதலி’யும் சரிவராது, இன்றைய காதில் அது மனைவியை விலக்கிவிடுகிறது.

என் தேர்வு ‘நங்கை’. தங்கை தம்+கை என்றால் நங்கை நம்+கை. இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை. ‘என் இமோ’ என்பதை ‘வகிமோ’ என்று ஒரே சொல்லாக்கினார்கள் ஜப்பானியர். நங்கைக்குள்ளும் அந்த உரிமை ஒலிக்கிறது. கொங்குப் பக்கத்தில் அண்ணன் மனைவியை நங்கை என்பார்களே என்று கேட்கலாம். உறவுமுறையும் அழகும் ஒரே சொல்லில் இருப்பதால்தான் அது இமோவுக்குப் பொருந்துகிறது.

அப்படி வைத்தால் அந்த 21ஆம் பாட்டு இப்படி வரும் (முராசாகி என்பது ஊதாச் சாயம் தரும் செடி):

‘முராசாகிச் செடியாய்ப் பொலியும் நங்கையே, உன்னை வெறுத்திருந்தால், பிறன்மனை ஆனபின்னும் உன்மேல் காதல் கொள்வேனா?’