என்.எஸ்.எஸ். திட்ட அலுவலர்: அவர் வேலை என்ன, அவருக்கு உள்ள உரிமை என்ன?

கல்லூரியில் சேர்ந்த முதல் மாதமே ஒரு படிவத்தை நீட்டுவார்கள். என்.சி.சி.யா, என்.எஸ்.எஸ்.ஸா, விளையாட்டா என்று டிக் அடிக்க வேண்டும். பாதிப் பிள்ளைகள் பக்கத்தில் இருப்பவனிடம் 'எதுடா ஈஸி?' என்று கேட்டுவிட்டு என்.எஸ்.எஸ்.ஸில் அடிப்பார்கள். அதே வாரத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஓர் ஆசிரியரை முதல்வர் கூப்பிட்டு, 'இந்த வருஷம் என்.எஸ்.எஸ். நீங்கதான் பார்க்கணும்' என்பார். என்னையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். நான்கு ஆண்டுகள் பார்த்தேன்.

அந்த மாணவருக்கும் அந்த ஆசிரியருக்குமாகத்தான் இதை எழுதுகிறேன். 'உங்க ஊரைத் தத்தெடுத்திருக்கோம்' என்று ஒருநாள் கல்லூரி வண்டி வந்து நிற்கிறதே, அந்த ஊர்க்காரர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

என்.எஸ்.எஸ். எனப்படும் நாட்டு நலப்பணித் திட்டம் 1969 செப்டம்பர் 24 அன்று தொடங்கியது. அது காந்தி நூற்றாண்டு. அப்போதைய மத்தியக் கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ் 37 பல்கலைக்கழகங்களில் இதைத் தொடங்கி வைத்தார். முதல் ஆண்டில் சுமார் 40,000 மாணவர்கள் இருந்தார்கள். செப்டம்பர் 24-ஐ இன்றும் என்.எஸ்.எஸ். நாளாகக் கொண்டாடுகிறோம். பிற்பாடு மேல்நிலைப் பள்ளிகளுக்கும் திட்டம் வந்தது. இப்போது மத்திய இளைஞர் நலன், விளையாட்டுத் துறை அமைச்சகத்தின் கீழ் நடக்கிறது. முன்பு மத்திய அரசும் மாநில அரசும் செலவைப் பகிர்ந்துகொண்டன. 2016 ஏப்ரலிலிருந்து முழுச் செலவும் மத்திய அரசுடையது.

சட்டையில் குத்திக்கொள்ளும் பேட்ஜைப் பார்த்திருப்பீர்கள். அதில் இருப்பது கொனார்க் சூரியக் கோயிலின் தேர்ச்சக்கரம். அதன் எட்டு ஆரங்கள் ஒரு நாளின் 24 மணி நேரத்தைக் குறிக்கின்றன. எந்த நேரமும் தயாராக இரு என்று அதற்குப் பொருள்.

கணக்கு இதுதான். ஒரு மாணவர் இரண்டு ஆண்டுகள் தொண்டராக இருக்க வேண்டும். ஆண்டுக்கு 120 மணி நேரம், மொத்தம் 240. இடையில் ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்றில் தங்கிக் கலந்துகொள்ள வேண்டும். இரண்டையும் முடித்தவருக்குச் சான்றிதழ் உண்டு. என்.சி.சி.யில் இருப்பவர் இதில் சேர முடியாது. அந்த 120 மணியில் ஏறக்குறைய 20 மணி அறிமுகத்துக்கும் பயிற்சிக்கும். கல்லூரி வளாகத்துக்குள் செய்யும் வேலைக்கு 30 மணிக்கு மேல் கணக்கில் எடுக்கக் கூடாது. மீதியெல்லாம் வெளியே, மக்களோடு.

இந்த 30 மணி வரம்பைப் பலர் கவனிப்பதே இல்லை. கல்லூரி விழாவுக்கு நாற்காலி போடுவதும் வாசலில் சந்தனம் நீட்டுவதும் மைதானத்தில் புல் செதுக்குவதும் என்.எஸ்.எஸ். கணக்கில் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. எனக்கு இதில் வருத்தம் அதிகம். வளாகத்தைச் சுத்தம் செய்வது நல்ல காரியம்தான், அதற்கும் விதியில் இடம் உண்டு. ஆனால் இரண்டு ஆண்டுகளும் அதுவே ஓடிவிட்டால், அந்தப் பிள்ளை ஒரு ஊரின் தெருவைக்கூடப் பார்க்காமல் சான்றிதழோடு வெளியே போகிறது. மாணவர்கள் இந்த வரம்பைத் தெரிந்து வைத்துக்கொண்டு, 'சார், ஊருக்கு எப்போ போறோம்?' என்று கேட்கலாம். கேட்பதில் தப்பே இல்லை.

சரி, இதையெல்லாம் நடத்துபவர் யார்?

பொதுவாக 100 மாணவர்கள் கொண்டது ஓர் அலகு. ஓர் அலகுக்கு ஒரு திட்ட அலுவலர். ஆசிரியர்களில் ஒருவரைத்தான் நியமிக்க வேண்டும், அலுவலகப் பணியாளரை அல்ல. அவருக்கு மேலே பல்கலைக்கழகத்தில் ஒருங்கிணைப்பாளர், பள்ளியென்றால் மாவட்டத் தொடர்பு அலுவலர், அதற்கு மேலே மாநில அலுவலர், மண்டல இயக்ககம் என்று ஏணி போகிறது. சுற்றறிக்கை மேலிருந்து இறங்கும், அறிக்கை கீழிருந்து ஏறும். ஆனால் ஏரிக்கரையில் வெயிலில் பிள்ளைகளோடு நிற்பவர் இந்த ஒருவர்தான்.

பொறுப்பேற்ற ஆசிரியர் முதலில் கேட்க வேண்டியது பயிற்சி. திட்ட அலுவலர்களுக்கென்றே அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி நிறுவனங்கள் இருக்கின்றன. அந்தப் பயிற்சிக்குப் போவது உங்கள் உரிமை, கடமையும்கூட. 'வகுப்பு கெடும், அப்புறம் பார்க்கலாம்' என்று தள்ளிப்போட விடாதீர்கள். நான் தள்ளிப்போட விட்டேன். முதல் ஆண்டு முகாமில் கையெழுத்தில்லாத ரசீதுகளை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். காய்கறி வாங்கியதற்குத் துண்டுச்சீட்டு, பந்தல்காரரிடம் வாய்ப்பேச்சு. ஆண்டு முடிவில் தணிக்கையாளர் ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்தார். அந்தத் தொகை என் சம்பளத்திலிருந்து போனது.

பணத்தைப் பற்றிய விதி சுருக்கமானது. என்.எஸ்.எஸ். பணத்துக்குத் தனிக் கணக்கு இருக்க வேண்டும், கல்லூரியின் மற்ற செலவுகளோடு கலக்கக் கூடாது. அன்றாடப் பணிக்கு வரும் தொகை வேறு, சிறப்பு முகாமுக்கு வரும் தொகை வேறு. இரண்டுக்கும் தணிக்கை செய்த கணக்கும் பயன்பாட்டுச் சான்றும் கொடுத்தாக வேண்டும். திட்ட அலுவலருக்குக் கைச்செலவுக்கென்று மாதந்தோறும் ஒரு சிறு தொகை உண்டு. அதைச் சம்பளமென்று சொல்ல முடியாது, பெட்ரோலுக்கே போய்விடும்.

அவருக்கு வேறு என்ன கிடைக்கும்? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகளில், கல்லூரி ஆசிரியரின் பதவி உயர்வுக்கான மதிப்பீட்டில் சேர்க்கும் பணிகளின் பட்டியலில் என்.எஸ்.எஸ். பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் நியமன ஆணை, முகாம் அறிக்கை, முதல்வரின் சான்று மூன்றையும் ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். பத்து வருஷம் கழித்துத் தேடினால் கிடைக்காது. சிறந்த திட்ட அலுவலர்களுக்கும் தொண்டர்களுக்கும் தேசிய விருதும் இருக்கிறது, 1993-94 முதல் கொடுத்து வருகிறார்கள்.

அடுத்தது ஆலோசனைக் குழு. எனக்கு மிகவும் பிடித்த விதி இது. ஒவ்வொரு கல்லூரியிலும் என்.எஸ்.எஸ்.ஸுக்கு ஓர் ஆலோசனைக் குழு இருக்க வேண்டும். முதல்வர் தலைவர், திட்ட அலுவலர் செயலர். சமூகப் பணியில் ஈடுபாடுள்ள ஆசிரியர்கள், வளர்ச்சித் துறை அலுவலர் ஒருவர், மாணவர் தலைவர்கள் இரண்டு பேர், அப்புறம் தத்தெடுத்த ஊரிலிருந்து ஒருவர். ஆமாம், ஊர்க்காரர் ஒருவருக்குக் கல்லூரிக் குழுவில் நாற்காலி உண்டு. ஆண்டுத் திட்டத்தை இந்தக் குழுவில் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பல இடங்களில் இந்தக் குழு தாளில் மட்டும் கூடுகிறது. கையெழுத்து வாங்க ஒரு மாணவனை ஊருக்கு அனுப்புவதோடு சரி. நானும் முதல் ஆண்டு அப்படித்தான் செய்தேன். அதன் பலனை முகாமின் மூன்றாம் நாளே பார்த்தேன்.

ஊர்க் கண்மாயில் சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்தது. ஐம்பது பிள்ளைகள், பதினெட்டு அரிவாள், ஆறு கடப்பாரை. இரண்டு நாளில் கரையோரம் முழுக்க வெட்டிச் சாய்த்துவிட்டோம். கையெல்லாம் முள் கிழித்த கோடு. பெருமையாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, ஆட்டை ஓட்டிக்கொண்டு போன ஒரு பாட்டி நின்றார். ஒரு கட்டையைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"ஏன் தம்பி, தூர விட்டுட்டு மேல மட்டும் வெட்டிருக்கீகளே? ஒரு மழ பேஞ்சா இடுப்பளவு நிக்குமே."

நான் பதில் சொல்லாமல் நின்றேன். அவர் சொன்னது உண்மை. சீமைக் கருவேலத்தைத் தூரோடு எடுக்காவிட்டால் அடிக்கட்டையிலிருந்து கொத்தாகத் துளிர்த்துவிடும். அதற்குத் தேவை அரிவாள் இல்லை, ஊராட்சி மூலம் ஒரு பொக்லைன். முன்கூட்டியே ஊர்க்காரர் ஒருவரை உட்கார வைத்துப் பேசியிருந்தால் முதல் அரை மணி நேரத்தில் இது தெரிந்திருக்கும்.

"பாட்டி, அப்போ நாங்க என்னதான் செய்யட்டும்?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

"முதியோர் பணத்துக்கு எழுதிப் போட ஆளில்ல கண்ணு. டவுனுக்குப் போனா அது இல்ல இது இல்லங்கான். ஒங்களுக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியுமே."

மிச்சமிருந்த நாட்களில் பிள்ளைகளை இருவர் இருவராகப் பிரித்து வீடு வீடாக அனுப்பினோம். யாருக்கு ஆதாரில் வயது தப்பாக இருக்கிறது, யாருக்கு வங்கிக் கணக்கு முடங்கிக் கிடக்கிறது, யாருடைய குடும்ப அட்டையில் இன்னும் இறந்துபோனவர் பெயர் இருக்கிறது என்று நோட்டில் எழுதினார்கள். முகாம் முடிந்த பிறகு இரண்டு சனிக்கிழமைகள் அந்தப் பெரியவர்களோடு இ-சேவை மையத்தில் வரிசையில் நின்றார்கள். அந்த நேரமும் 120 மணிக் கணக்கில் சேரும். மண்வெட்டி பிடித்தால்தான் சேவை என்று விதியில் எங்கும் இல்லை.

அடுத்த ஆண்டிலிருந்து முகாமுக்கு ஒரு மாதம் முன்பே நானும் இரண்டு மாணவர் தலைவர்களும் ஊருக்குப் போய்விடுவோம். ஊராட்சித் தலைவரைப் பார்ப்போம், அங்கன்வாடி ஊழியரைப் பார்ப்போம், டீக்கடையில் உட்காருவோம். தண்ணீர் எங்கே பிடிப்பது, பிள்ளைகள் தங்கும் பள்ளியில் கழிப்பறை தாழ்ப்பாள் விழுகிறதா, பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் எத்தனை தூரம் என்று எல்லாம் பார்த்துவிட வேண்டும். மாணவிகள் தங்குகிறார்கள் என்றால் பெண் ஆசிரியர் ஒருவர் இரவும் பகலும் உடன் இருக்க வேண்டும். இதில் சமரசமே கூடாது.

மாணவர் தலைவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. நூறு பேரை ஒரே ஆசிரியர் கட்டி மேய்க்க முடியாது. அதனால் சிறு குழுக்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவரை வைப்பது வழக்கம். நன்றாகப் பேசுபவரைத் தலைவராக்கும் பழக்கம் இருக்கிறது. என் அனுபவத்தில், சாப்பாட்டு வரிசையில் கடைசியாக வந்து நிற்பவரைப் பாருங்கள், அவர்தான் சரியான ஆள். வருகைப் பதிவேட்டை அவரிடம் கொடுங்கள். ஒவ்வொரு தொண்டரும் தனக்கென ஒரு பணி நாட்குறிப்பு வைத்திருக்க வேண்டும். தேதி, இடம், செய்த வேலை, எத்தனை மணி நேரம், எல்லாம் அன்றன்றே எழுத வேண்டும். இரண்டாம் ஆண்டு கடைசியில் ஒரே இரவில் உட்கார்ந்து 240 மணியையும் எழுதும் நாட்குறிப்புகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஒரே மை. அதில் கையெழுத்துப் போடும் ஆசிரியருக்கும் மனசு கேட்காது, கேட்கவும் கூடாது.

மத்திய அரசு 2023 அக்டோபர் 31 அன்று இளைஞர்களுக்காகத் தொடங்கிய மை பாரத் இணையதளத்திலும் பதிவு செய்யச் சொல்வார்கள். செய்துவிடுங்கள். ஆனால் தாள் நாட்குறிப்பையும் கைவிட வேண்டாம். முகாமில் சிக்னல் கிடைப்பது அந்தந்த ஊரைப் பொறுத்தது.

கடைசியாகப் பதவிக் காலம். திட்ட அலுவலர் பொறுப்பு மூன்று ஆண்டுகளுக்கு, நன்றாகச் செய்தால் மேலும் ஓராண்டு நீட்டிக்கலாம். அதற்குப் பிறகு வேறொருவருக்கு மாற வேண்டும். இதை நான் முதலில் குறையாக நினைத்தேன், இப்போது அப்படி நினைக்கவில்லை. ஒரு கல்லூரியில் ஐந்தாறு ஆசிரியர்கள் இந்தப் பொறுப்பைப் பார்த்தவர்களாக இருந்தால், புதிதாக வருபவர் தடுமாறினாலும் கேட்க ஆள் இருக்கும். சிக்கல் கைமாறும்போதுதான். பதிவேடும் இருப்புப் புத்தகமும் மாறும், ஊர் உறவு மாறாது. அடுத்தவர் ஊருக்குப் போனால் 'பழைய சார் வரலையா?' என்றுதான் கேட்பார்கள்.

அதனால் பொறுப்பை ஒப்படைத்த நாளில் புதிய ஆசிரியரை வண்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போனேன். சமுதாயக் கூடத்துச் சாவி யாரிடம் இருக்கும், மோட்டார் ரூமை யார் திறப்பார், எந்தத் தெருவில் யார் வீட்டில் முதலில் தகவல் சொல்ல வேண்டும் என்று ஒரு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். அந்தப் பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருந்தார். உதவித்தொகை மாதாமாதம் வருகிறது என்றார். பிறகு புதியவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சாரு, கண்மாய்ல தூர எடுக்க மிசினு எப்ப வரும்?" என்று கேட்டார். புதிய ஆசிரியர் நோட்டைத் திறந்து இரண்டாம் பக்கத்தில் அதை எழுதிக்கொண்டார்.