கயாக்: உடுத்துக்கொள்ளும் வள்ளம்

ஒஸ்லோவில் இருக்கும் அக்காவின் மகன் போன மாதம் ஒரு குரல்செய்தி அனுப்பியிருந்தான். "மாமா, கயாக்குக்குத் தமிழில என்ன? வகுப்புக்குக் கட்டுரை எழுதோணும்." ஏப்ரலில் முதன்முறையாகக் கயாக்கில் ஃபியோர்டுக்குள், அதாவது நிலத்துக்குள் நீண்டு புகுந்திருக்கும் கடலுக்குள், இறங்கப் போகிறானாம். அதற்கு எப்படி ஆயத்தமாவது என்பதுதான் கட்டுரை. நான் யோசிக்காமல் "துடுப்புப் படகு" என்று எழுதி அனுப்பிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் கேள்வி திரும்பி வந்தது: "அதை ரோயிங்குக்கும் சொல்லுறவை தானே? இது வேற மாமா."

பொடியன் சொன்னது சரி. ரோயிங்கில் ஆள் போகும் திசைக்கு முதுகு காட்டி இருப்பார். வலிக்கும் கோல் வள்ளத்தின் விளிம்பில் பூட்டியிருக்கும். அந்தக் கோலுக்குத் தண்டு என்று பெயர், தண்டு வலித்தல் என்பது பழைய வழக்கு. கயாக்கில் முகம் முன்னே பார்க்கும். கையில் இருப்பது எதிலும் பூட்டாத துடுப்பு, இரண்டு முனையிலும் இலை வைத்தது. களி கிண்டும் மரக்கட்டைக்கும் துடுப்பு என்றுதான் பெயர். அந்தக் கையசைவை நினைத்துப் பார்த்தால் பொருத்தம் தெரியும். எங்கள் பக்கத்தில் சவள் என்ற சொல்லும் உண்டு. ஆக, துடுப்புப் படகு என்பது பிழை இல்லை. ஆனால் துடுப்புப் போடும் எல்லாமே அதற்குள் வந்துவிடும், கனூ என்ற திறந்த வள்ளம் உட்பட. கயாக்கைக் கயாக் ஆக்குவது துடுப்பு அல்ல, வேறொன்று.

சொல்லின் வேர் கிரீன்லாந்தில் இருக்கிறது. இனுவிட் மக்களின் மொழியில் அது ஏறத்தாழ 'கயக்' என்று ஒலிக்கும். ஏறத்தாழ என்கிறேன், ஏனென்றால் முதலிலும் முடிவிலும் வருவது நம்முடைய ககரம் அல்ல. உள்நாக்கை ஒட்டித் தொண்டைக்குள் பிறக்கும் ஒலி. அதற்குத் தமிழில் எழுத்துக் கிடையாது. ரோமன் எழுத்தில் எழுதினால் முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றே, நம் விகடகவி மாதிரி. இந்தச் சொல் ஐரோப்பிய மொழிகளுக்குள் பரவியதில் டேனிஷ் மொழிக்குப் பெரிய பங்கு உண்டு. 1721இல் ஹான்ஸ் எகெடே என்ற பாதிரியார் கிரீன்லாந்தில் போய் இறங்கியதிலிருந்து டேனிஷ்காரருக்கு அந்தக் கரையோடு விடாத தொடர்பு. டேனிஷ்காரர் என்றதும் எனக்கு ஊர் ஞாபகம் வராமல் இருக்காது. அதற்கு நூறு வருடம் முன்னர், 1620இல், அவர்களுடைய கப்பல்கள் திருகோணமலைக்கு வந்து கோணேசர் மலையடியில் கோட்டை கட்டப் பார்த்தன. அது சரிவரவில்லை. அதே வருடம் தரங்கம்பாடியில் கால் ஊன்றினார்கள். அவர்கள் இங்கேயே தங்கியிருந்தால் கயாக் என்ற சொல் நமக்கு ஆங்கிலத்தைச் சுற்றி வராமல் நேரே வந்திருக்குமோ என்னவோ!

இனுவிட்காரருக்குக் கயாக் என்றால் வேட்டைக்காரனின் வள்ளம். குடும்பம், நாய், சாமான் எல்லாம் ஏற்றிக்கொண்டு போகும் பெரிய திறந்த வள்ளத்துக்கு உமியாக் என்று வேறு பெயர்; அதைப் பெண்களின் வள்ளம் என்பார்கள். கயாக் ஒருவருக்கு மட்டும். கரையொதுங்கிய மரத்திலோ எலும்பிலோ சட்டம் கட்டி, அதன்மேல் கடல்நாயின் தோலை இழுத்துத் தைப்பார்கள். அளவு எடுப்பதும் தையற்காரர் எடுப்பது போலத்தான்: ஓடப்போகிறவனின் விரித்த கை மூன்று மடங்கு நீளம், இடுப்போடு இரண்டு முஷ்டி சேர்த்து அகலம். ஒருவனுக்குச் செய்தது இன்னொருவனுக்குப் பொருந்தாது. மேற்பக்கம் முழுக்க மூடியிருக்கும், நடுவில் இடுப்பு நுழையும் அளவுக்கு ஒரு வளையம். அவன் போடும் தோல் அங்கியின் கீழ் ஓரத்தை அந்த வளையத்தில் இறுக்கிக் கட்டிவிட்டால் வள்ளமும் ஆளும் ஒன்று. கவிழ்ந்தாலும் உள்ளே தண்ணீர் வராது. துடுப்பை வீசி அப்படியே உருண்டு நிமிர்ந்துவிடுவான்.

அதாவது, கயாக்கில் ஏறுவதில்லை. கயாக்கை உடுக்கிறார்கள். மூடியிருப்பதுதான் அதன் உயிர், அதற்குக் காரணம் குளிர்.

அந்தக் குளிர் என்ன செய்யும் என்பதற்கு எங்கள் பேச்சிலேயே நல்ல சொற்கள் கிடக்கின்றன. 15 பாகை செல்சியசுக்குக் கீழான தண்ணீரில் சடக்கென்று விழுந்தால் முதலில் தாக்குவது மூச்சை. நம்மை அறியாமல் ஒரு பெரிய மூச்சு உள்ளே இழுக்கும். அந்த நேரம் வாய் தண்ணீருக்குள் இருந்தால் கதை முடிந்தது. மூச்சைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஒரு நிமிடம் போகும். அடுத்து விறைப்பு. ஏறத்தாழப் பத்து நிமிடத்தில் விரல் சொன்னபடி கேட்காது, கயிற்றைப் பிடிக்க முடியாது. கூதல், அதாவது உடம்பு தன்பாட்டில் வெடவெடப்பது, உடம்பு சூட்டுக்காகப் போராடுகிறது என்பதற்கு அடையாளம். உடற்சூடு 35 பாகைக்குக் கீழே போனால்தான் மருத்துவர் அதற்கு நோய்ப்பெயர் வைப்பார். கூதல் நின்றுபோவது சுகமான அறிகுறி அல்ல. பழைய நூல்களில் ஐப்பசி, கார்த்திகையைக் கூதிர் என்பார்கள். நம் கூதல் அதன் உறவுக்காரச் சொல்தான். 'குளிர்' என்ற ஒற்றைச் சொல்லைவிட இது எவ்வளவோ துல்லியம். கட்டுரைக்கு இதைக் கட்டாயம் எடு என்று மருமகனுக்குச் சொன்னேன்.

அவனுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், வெயிலைப் பார்த்து உடுக்காதே, தண்ணீரைப் பார்த்து உடு என்பது. ஏப்ரல் வெயிலில் ஒஸ்லோவில் ரீசேட்டோடு திரியலாம், ஃபியோர்ட்டின் தண்ணீர் பத்துப் பாகையைக்கூடத் தொடாது. உள்ளே கம்பளி, பருத்தி கூடவே கூடாது. அதற்கு மேல் வெட்சூட் அல்லது ட்ரைசூட். இந்த இரண்டையும் அவன் குழப்பினான். வெட்சூட்டுக்குள் கொஞ்சம் தண்ணீர் புகும், உடம்பு அதைச் சூடாக்கி வைத்துக்கொள்ளும். ட்ரைசூட் கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுகிப் பிடித்துத் தண்ணீரை விடவே விடாது. நனையும் உடை, நனையா உடை என்று எழுதலாம் என்றேன், பிடித்துக்கொண்டான். கயாக்கின் வளையத்தை மூட இடுப்பில் கட்டும் மூடுதுணிக்கு முன்னால் ஒரு வார் இருக்கும், கவிழ்ந்தால் அதை இழுத்துத்தான் வெளியே வரவேண்டும். அவசரத்தில் அந்த வாரை உள்ளே விட்டுக் கட்டிவிடுகிற புதியவர்கள் உண்டு. ஆகவே பழக்குபவர் ஒருவரை வைத்துக்கொண்டு, ஆழமில்லாத இடத்தில், வேண்டுமென்றே கவிழ்ந்து பார்த்த பிறகுதான் பயணம்.

சரி, திருகோணமலைக்கு வருவோம். எங்களுக்குத் தை மாதம்தான் குளிர். சிரிக்க வேண்டாம். காற்று 25 பாகை, கடல் அதைவிடக் கொஞ்சம் சூடு. இதற்கெல்லாம் ஆயத்தமா என்று நானும் நினைத்தேன். போன தையில் ஓர் விடுதியில் கயாக் ஒன்றை வாடகைக்கு எடுத்து, டெனிமும் பருத்திச் சேட்டுமாக இறக்கக்கண்டிக் களப்பில் இறங்கினேன். தந்த லைஃப் ஜக்கெட்டில் ஒரு கொக்கி உடைந்திருந்தது. பரவாயில்லை என்றார்கள், நானும் பரவாயில்லை என்றேன். அந்தப் 'பரவாயில்லை' இரண்டு பக்கத்துத் தவறு. பத்து நிமிடத்தில் தூறல், அப்புறம் வாடை. பருத்தி தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். காற்று அதை உலர்த்தும்போது செலவாவது நம் உடம்புச் சூடு. அரைமணித்தியாலத்தில் பல் கிட்டியது. 25 பாகையில் கூதல் எடுத்த வெட்கத்தை ஒஸ்லோக்காரனிடம் இன்னும் சொல்லவில்லை.

கரையில் வீச்சு வலையோடு நின்ற ஓர் ஐயா, நான் இழுத்து வந்த செம்மஞ்சள் சாமானைக் குனிந்து பார்த்தார். அதில் மூடி இல்லை, நுழைவதற்கு வளையமும் இல்லை. மேலே இருப்பதற்கு ஒரு பள்ளம், பள்ளத்தில் நாலைந்து துளை. மேலே விழுந்த தண்ணீர் துளை வழியே கீழே போய்விடும். அவர் கேட்டார்: "தம்பி, இது தெப்பம் தானே?"

அதற்கு மேல் சொல்விளக்கம் எழுத என்னால் முடியாது. உப்புவெளி, நிலாவெளிக் கரைகளில் கயாக் என்று வாடகைக்குத் தருவது பெரும்பாலும் இந்த வகைதான். வள்ளத்துக்குள் நாம் இல்லை, மேலே இருக்கிறோம். அலை நம்மைக் கழுவிக்கொண்டுதான் போகும். கட்டுமரத்தில், எங்கள் ஊர்ப் பேச்சில் தெப்பத்தில், போகிறவர் நனைவது போலத்தான். நம் கட்டுமரத்தின் பெயரை எடுத்த ஆங்கிலம் அதை இரட்டை உடல் படகுக்கு வைத்தது. அந்தப் படகுக்கும் கட்டிய மரத்துக்கும் சம்பந்தம் குறைவு. நாங்களோ இனுவிட்காரரின் பெயரை எடுத்து ஒரு பிளாஸ்டிக் தெப்பத்துக்கு வைத்திருக்கிறோம். பெயரைக் கேட்டு, உள்ளே உலர்ந்து இருப்போம் என்று நம்பி உடுத்துப் போனவன் நான். தெப்பம் என்று சொல்லித் தந்திருந்தால் டெனிம் போட்டிருக்க மாட்டேன்.

காற்றின் பெயரும் தெரிந்திருக்க வேண்டும். மார்கழி, தையில் வாடை கடலிலிருந்து கரைக்கு அடிக்கும். அலை உடையும், புறாத்தீவுப் பக்கம் நினைக்கவே வேண்டாம். களப்புத்தான் தோது, அதுவும் முதலை இருக்கிறதா என்று ஊராரைக் கேட்டுவிட்டு. உட்துறைமுகம் அமைதியாகத்தான் கிடக்கும், ஆனால் கடற்படையும் துறைமுகமும் இருக்கிற இடம், நினைத்தபடி இறங்க முடியாது. வைகாசிக்குப் பிறகு கச்சான். கொறிக்கிற கச்சான் அல்ல, மேற்கிலிருந்து வரும் சூடான காற்று. கடல் கண்ணாடி மாதிரி இருக்கும், ஆனால் காற்று கரையிலிருந்து வெளியே தள்ளும். பாரமில்லாத சாமான் திரும்பி வராது. புதியவருக்கு வாடையைவிடக் கச்சான்தான் ஏமாற்றுக்காரன்.

லைஃப் ஜக்கெட்டை உயிர்காப்பு அங்கி என்று பலகைகளில் எழுதுகிறார்கள். நல்ல சொல். கிண்ணியாப் பக்கத்தில் ஆற்றைக் கடக்கும் மிதவைக்குப் பாதை என்று பெயர். 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில் அப்படியொரு பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் உட்படச் சிலர் இறந்தார்கள். அதற்குப் பிறகும் 'பரவாயில்லை' சொன்ன என்னை என்னவென்பது.

இனித் தமிழ்ச் சொல். ஓடம் ஆற்றுக்கு உரியது, திறந்தது. வள்ளம் என்றால் இன்று இங்கே இயந்திரம் பூட்டிய ஃபைபர் வள்ளம் கண்ணுக்கு வரும். தோற்படகு வரலாற்றுக்குச் சரி, ஆனால் மூங்கிலில் பின்னித் தோல் போர்த்த காவிரிப் பரிசலும் தோற்படகுதானே. மூடுவள்ளம் பரவாயில்லை, கொஞ்சம் மூடுபல்லக்கு மாதிரிக் கேட்கிறது. எனக்குப் பிடித்தது உடுவள்ளம். உடுத்த, உடுக்கிற, உடுக்கும் வள்ளம், வினைத்தொகை. ஈழத்தில் உடை என்பதைவிட உடுப்பு என்றுதான் சொல்வோம், உடுப்பும் துடுப்பும் ஒலியிலும் சேர்ந்துகொள்ளும். உடுபம் என்று தெப்பத்தைக் குறிக்கும் வடசொல் ஒன்றும் இருக்கிறது. அதற்கும் இதற்கும் வேர்த்தொடர்பு இல்லை, காது குழம்பக்கூடாது. மூடிய வகைக்கு உடுவள்ளம், கரையில் வாடகைக்குக் கிடைக்கும் திறந்த வகைக்குத் தெப்பம். பேச்சில் இரண்டையும் கயாக் என்றே சொல்வார்கள், சொல்லட்டும்.  'கயாக்கிங் செய்தல்' மட்டும் வேண்டாம். ஓட்டுதல் இயந்திரத்துக்கு. துடுப்புக்கு வலித்தல் இருக்கிறது.

மருமகன் கட்டுரையில் உடுவள்ளத்தை எடுக்கவில்லை. ஆசிரியருக்கு விளங்காது என்றான். ஆனால் நேற்றுப் பயிற்சி முடிந்து வந்து எழுதியிருந்தான்: "நாலு தரம் கவிழ்ந்தன் மாமா. கழட்டத்தான் கஷ்டம்." இறங்க என்று எழுதவில்லை.