கோபம் நியாயம்தான் ஐயா, ஊசி மேல் வேண்டாம்

2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாமுக்காகத் திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். வரிசையில் நின்ற பேரனைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார் ஒரு பெரியவர். பின்னாலேயே போய்க் கேட்டேன். "வெள்ளைக்காரன் நமக்கு எதையாவது சும்மா குடுத்திருக்கானா டாக்டர்?" என்றார். அவருடைய தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா ரப்பர் தோட்டத்துக்குப் போனவர், திரும்பவே இல்லை.

இந்தத் தடுப்பூசியே வெளிநாட்டுச் சதி என்று அப்போது வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்தியை அவர் நம்பியதற்கு வேர் அங்கே இருக்கிறது. விவரம் தெரியாதவர் என்று தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை.

ஏனென்றால் மருந்திலேயே அந்தப் பழைய கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. சுதந்திரம் வந்தும் 1911-ல் வெள்ளைக்காரன் போட்ட காப்புரிமைச் சட்டம்தான் (காப்புரிமை என்றால், கண்டுபிடித்தவர் மட்டுமே செய்து விற்கலாம் என்கிற உரிமை) நம்மை ஆண்டது, வெளிநாட்டுக் கம்பெனி வைத்ததுதான் விலை. 1970-ல் புதுச்சட்டம் போட்டு, மருந்துக்குக் காப்புரிமை கிடையாது, செய்முறைக்கு மட்டும்தான் என்று ஆக்கிய பிறகே நம் ஆட்கள் அதே மாத்திரையை வேறு வழியில் மலிவாகச் செய்தார்கள். உலக வர்த்தக ஒப்பந்தத்துக்காக 2005-ல் அதையும் மாற்றி, மருந்துக்கே மறுபடி காப்புரிமை கொடுக்க வேண்டியதாயிற்று. ரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப் மாத்திரை, வெளிநாட்டுக் கம்பெனியுடையது, அப்போது மாதத்துக்கு லட்ச ரூபாய்க்கு மேல் இருந்தது. நம்மூர்த் தயாரிப்பு பத்தாயிரத்துக்குள் கிடைத்தது. சுவிட்சர்லாந்து கம்பெனி அதற்குக் காப்புரிமை கேட்டு உச்ச நீதிமன்றம்வரை போய் 2013-ல் தோற்றது. அப்புறம் கொரோனா. காப்புரிமையைக் கொஞ்ச நாள் நிறுத்தி வையுங்கள் என்று 2020 அக்டோபரில் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் கேட்டபோது ஐரோப்பிய ஒன்றியம், பிரிட்டன், அமெரிக்கா எல்லாம் சேர்ந்து எதிர்த்தன. அமெரிக்கா மறு வருஷம் மே மாதம்தான் இறங்கி வந்தது. இவ்வளவும் பார்த்த சனம் எப்படி நம்பும்?

ஆனால் அந்தக் கோபம் போக வேண்டிய இடம் விலையும் சட்டமும். அதைப் பிள்ளையின் தோளில் காட்டினால் நட்டம் நமக்குத்தான். நம் சரபோஜி மன்னர் தஞ்சாவூரில் தன்வந்திரி மஹால் வைத்து நம் வைத்தியத்தையும் ஐரோப்பிய வைத்தியத்தையும் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவந்தார், கண் நோயாளிகளின் குறிப்பைப் படம் வரைந்து எழுதி வைத்தார்கள். அறிவு எங்கிருந்து வந்தாலும் எடுத்துக்கொள்ள அவர் கூச்சப்படவில்லை.

சரி, பெரியவர் கதைக்கு வருகிறேன். மருந்துக் குப்பியை எடுத்துப் பேரன் கையில் கொடுத்து, மேலே ஒட்டியிருந்த பொடி எழுத்தைப் படிக்கச் சொன்னேன். எழுத்துக் கூட்டி "புனே" என்றான்.

"அது எங்க இருக்கு?"

"பம்பாய் பக்கம் ஐயா. நம்ம ஆளுங்க செஞ்சதுதான்."

குப்பியை வாங்கித் தானும் ஒருமுறை திருப்பிப் பார்த்தார். அப்புறம் பேரனின் சட்டைக் கையை அவரே மடித்துவிட்டார்.

இந்தத் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசியில், உங்கள் வீட்டுக் குழந்தைக்கு ஒன்பது மாதம் முடிந்ததும் முதல் ஊசி, 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். சந்தேகம் இருந்தால் அங்கே நர்ஸம்மாவிடம் குப்பியைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், காட்டுவார்கள்.