மேலே ஆந்தை, கீழே மீன், நடுவே வெண்பனி

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் மில் லாக்ஸ் என்றொரு ஏரி இருக்கிறது. பரப்பு 500 சதுர கிலோமீட்டருக்கும் மேல். ஆனால் மிக ஆழமான இடத்திலும் 13 மீட்டர்தான். ஒஜிப்வே மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் கரை அது. ஜனவரி இரவுகளில் மைனஸ் 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போவது அங்கே சாதாரணம். ஏரி முழுக்க உறைந்த பிறகு, அதன் மேலேயே, பனிக்கட்டியில் துளையிட்டுத் தூண்டில் போடுபவர்களின் குடில்கள் ஆயிரக்கணக்கில் முளைத்துவிடும். அங்கிருந்து காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் போனால், துலூத் நகருக்கு வடமேற்கே சாக்ஸ்-ஜிம் சதுப்புக்காடு. குளிர்கால ஆந்தைகளைத் தேடி நாட்டின் பல மூலைகளிலிருந்தும் பறவை ஆர்வலர்கள் வந்து சேரும் இடம்.

ஏரிக்கும் காட்டுக்கும் பொதுவான ஒன்று உண்டு. மீன் பிழைக்குமா, பறவை பிழைக்குமா என்பதில் பெரும்பங்கு மேலே விழுந்து கிடக்கும் வெண்பனியின் கையில் இருக்கிறது. ஒரே பனிதான், ஒருவருக்கு வரம், இன்னொருவருக்கு ஆபத்து.

முதலில் ஏரியைப் பார்ப்போம். தண்ணீர் மிக அடர்த்தியாக இருப்பது சுமார் 4 டிகிரியில். அதற்கும் கீழே குளிர்ந்தால் அது மறுபடி லேசாகி மேலே வந்துவிடும். அதனால் ஏரி மேலிருந்துதான் உறையத் தொடங்குகிறது. பனிக்கட்டி தண்ணீரைவிட எட்டு சதவீதம் போல லேசானது, ஆகவே மிதக்கிறது. கீழே மீன்களுக்குத் திரவ நீர் மிஞ்சுகிறது. தண்ணீருக்கு இந்த வினோத குணம் இல்லாவிட்டால் வடக்கத்திய ஏரிகளில் மீன்களின் கதையே வேறாக இருந்திருக்கும்.

பனிக்கட்டி கனமாவதற்கும் ஒரு கணக்கு உண்டு. அடியில் புதுப் பனிக்கட்டி உருவாக வேண்டுமென்றால், அங்குள்ள வெப்பம் ஏற்கெனவே உறைந்திருக்கும் அடுக்கு வழியாக மேலே வெளியேற வேண்டும். அடுக்கு தடிக்கத் தடிக்க அந்தப் பாதை நீள்கிறது, வேகம் குறைகிறது. ஒரே அளவு குளிர் நீடித்தால், இரட்டிப்புக் கனத்துக்குச் சுமார் நான்கு மடங்கு காலம் பிடிக்கும். இதன்மேல் வெண்பனி விழுந்துவிட்டால் கணக்கே மாறிவிடும். புதுப் பனியின் துகள்களுக்கு இடையே அடைபட்ட காற்று வெப்பத்தைச் சுலபத்தில் கடத்தாது. ஏரியின் மேல் ஒரு கம்பளி விரித்தது போலத்தான். வெளியே எலும்பை உறைய வைக்கும் குளிர் அடித்தாலும், பனி மூடிய இடத்தில் பனிக்கட்டி மெல்லியதாகவே இருக்கக்கூடும். பனியின் பாரம் பனிக்கட்டியை அழுத்தும்போது விரிசல் வழியே நீர் மேலேறி, பனியோடு கலந்து உறைந்து வெள்ளைப் பனிக்கட்டி ஆவதும் உண்டு. தெளிந்த கட்டியின் உறுதியில் ஏறக்குறைய பாதிதான் அதற்கு.

தெளிந்த, புதிய பனிக்கட்டி என்றால் நடக்க 4 அங்குலமாவது வேண்டும் என்று மாநில இயற்கைவளத் துறை சொல்கிறது. பனிச்சறுக்கு வண்டிக்கு 5 முதல் 7 அங்குலம், சிறிய காருக்கு 9 முதல் 10. நூறு சதவீதம் பாதுகாப்பான பனிக்கட்டி என்று ஒன்று கிடையாது என்பதையும் அவர்கள் சேர்த்தே சொல்வார்கள். போகும் வழியெல்லாம் துளையிட்டு அளந்துகொண்டே போவதுதான் விவரமறிந்தவர்களின் வழக்கம்.

பனிக்கட்டியின் மேல் நிற்பவர்களுக்குக் கேட்கும் சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெயிலுக்கும் இரவுக் குளிருக்கும் ஏற்ப கட்டி விரிந்து சுருங்கும்போது எங்கோ ஒரு விரிசல் ஓடும். அந்த அதிர்வு தட்டையான கட்டியில் பரவும்போது கூரிய ஒலி வேகமாகவும் தாழ்ந்த ஒலி மெதுவாகவும் வரும். அதனால் தொலைவில் நிற்பவர் காதில் "பியூ...ம்" என்று உச்சத்தில் தொடங்கி இறங்குகிறது. முதல் முறை கேட்பவர்கள் பதறிப்போவார்கள். இந்தச் சத்தத்தை மட்டும் வைத்து பனிக்கட்டி பலவீனமாகிவிட்டது என்று சொல்லிவிட முடியாது; அளவுகோல்தான் பேச வேண்டும்.

கீழே மீன் என்ன செய்கிறது? மீனின் உடல் சூடு தண்ணீரைப் பொறுத்தது. குளிர்ந்த நீரில் செரிமானம் மெதுவாகும், பசி குறையும். அதனால்தான் குளிர்காலத் தூண்டில்காரர்கள் சின்ன இரையை மெல்ல அசைத்துக் காத்திருக்கிறார்கள். மில் லாக்ஸில் எல்லோரும் தேடுவது வாலாய் மீன். அதன் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருக்கிறது. மங்கிய வெளிச்சத்தில் மற்ற மீன்கள் தடுமாறும்போது அதற்குக் கண் தெரியும். ஆகவே அந்தி மயங்கும் வேளையில்தான் குடில்களில் பரபரப்பு கூடுகிறது.

ஆழமில்லாத சிறு ஏரிகளில் இதே வெண்பனி எமனாகிறது. பனி ஒளியைத் தடுத்தால் நீர்த்தாவரங்களும் பாசிகளும் ஆக்சிஜன் உண்டாக்குவது நின்றுபோகும். அடிச்சேற்றில் மக்கும் குப்பையோ இருக்கிற ஆக்சிஜனைத் தின்றுகொண்டே இருக்கும். மேலே மூடி இருப்பதால் காற்றிலிருந்து புதிதாக ஏதும் வராது. வசந்தத்தில் பனிக்கட்டி உருகும்போது செத்த மீன்கள் கரை ஒதுங்கும். சில ஏரிகளில் குளிர்காலம் முழுக்கக் காற்றைச் செலுத்தும் கருவிகளை ஓட்டுவது இதற்காகத்தான்.

சரி, இப்போது காட்டுக்குப் போவோம். அங்கே இந்தப் பனிக்கு நேர்மாறான வேலை. போதுமான ஆழத்துக்குப் பனி படிந்தால், மேலே மைனஸ் 30 என்றாலும் தரையை ஒட்டிய இடம் பூஜ்ஜியத்துக்கு அருகிலேயே இருக்கும். வோல் எனப்படும் சிற்றெலிகள் அங்கே சுரங்கப் பாதை அமைத்துக் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. காட்டுக்கோழி இனத்தைச் சேர்ந்த ரஃப்டு குரௌஸ், இரவில் மென்பனிக்குள் பாய்ந்து புதைந்து தூங்கும்.

அந்த எலிகளைத் தேடித்தான் பெரிய சாம்பல் ஆந்தை வருகிறது. பார்க்கப் பிரம்மாண்டம், ஆனால் எடை பெரும்பாலும் ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவு, மற்றதெல்லாம் இறகு. அரை மீட்டர் பனிக்கு அடியில் ஓடும் எலியை அது காதால் பிடிக்கிறது. கூரிய ஒலியைப் பனி விழுங்கிவிடும், தாழ்ந்த ஒலி மட்டும் கசிந்து வரும். அதன் அகன்ற முகவட்டு அந்தத் தாழ்ந்த ஒலியைத் திரட்டத்தான். 2022இல் வெளியான ஓர் ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. பனியிலிருந்து வெளிவரும்போது ஒலி வளைவதால், சாய்வாகக் கேட்டால் எலி வேறொரு இடத்தில் இருப்பதாகத் தோன்றும். நேர் மேலே வந்தால் அந்தப் பிழை மறைந்துவிடும். ஆந்தை பாய்வதற்கு முன் இரைக்கு மேலே சிறகடித்துச் சற்று மிதந்து நிற்கிறதே, அதற்குக் காரணம் இதுதான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். குளிர்காலப் பறவை நோக்கலில் இதைவிட அழகான காட்சி இல்லை என்பேன்.

பனிக்குள் ஒளியாமல் சமாளிப்பவையும் உண்டு. கருந்தலைச் சிக்கடீ என்ற பதினோரு கிராம் குருவி, பகலெல்லாம் தின்று கொழுப்பைச் சேர்த்து, இரவில் உடல் வெப்பத்தைப் பத்து டிகிரிக்கும் மேல் குறைத்துக்கொண்டு, நடுங்கியே விடியவைக்கிறது. விடிந்ததும் எங்கெங்கோ ஒளித்த விதைகளைத் தேடிப் போகும்.

2023-24 குளிர்காலம் மினசோட்டாவின் பதிவுகளிலேயே மிகச் சூடானது. பல ஏரிகளில் பனிக்கட்டி தாமதமாகத்தான் பிடித்தது, நிகழ்ச்சிகள் ரத்தாயின. குளிர்காலத்தில் மழை பெய்து பனியின் மேல் கடினமான ஓடு உறைந்துவிட்டால், ஆந்தைக்கு எலி கேட்டாலும் எட்டுவது கடினம்.

போக நினைப்பவர்கள் ஜனவரிக் கடைசியில் போகலாம். விடியலில் சதுப்புக்காடு, அந்தியில் ஏரி என்று வைத்துக்கொண்டால் ஆந்தையின் நேரமும் வாலாயின் நேரமும் ஒரே நாளில் கிடைக்கும். மீன்பிடிக்க உரிமம் வேண்டும். குடிலுக்குள் ஹீட்டர் எரிந்தால் காற்றுப் போக்குக்கு வழி விட்டு, கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியையும் வைத்துக்கொள்ளுங்கள். ஆந்தையைப் படம் எடுக்க எலியை விட்டு ஆசை காட்ட வேண்டாம். சாலை ஓரத்துக்குப் பழகிவிட்டால் அது கார் மோதிச் செத்துப்போகும். தூண்டிலில் ஈயக் குண்டுக்குப் பதிலாக வேறு உலோகக் குண்டைக் கட்டுங்கள். ஏரியில் தவறி விழும் ஈயக் குண்டைக் கோடையில் லூன் பறவை விழுங்குகிறது, ஒரு சின்னக் குண்டே அதைக் கொன்றுவிடும்.