சிகிச்சை முடிந்த பின் வரும் தடிப்பு

புற்றுநோய் சிகிச்சை முடிந்து சில மாதங்கள் கழித்து உடலில் அரிப்பும் சிவந்த தடிப்பும் தோன்றினால், முந்தின நாள் சாப்பிட்ட இறாலையோ புதிதாக வாங்கிய சோப்பையோதான் பலரும் சந்தேகிக்கிறார்கள். அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் ஒவ்வாமை போலவே தோற்றமளிக்கும் வேறு சில விளைவுகளும் இவர்களுக்கு வருவதுண்டு. அவற்றுக்கான மருத்துவம் வேறு.

உண்மையான ஒவ்வாமையில், முன்பு ஒருமுறை உடலுக்குள் வந்துபோன பொருளுக்கு எதிராக உருவான இம்யூனோகுளோபுலின் ஈ என்னும் எதிர்ப்புப் புரதம், மாஸ்ட் செல்கள் என்னும் நோயெதிர்ப்பு செல்களின் மேல் ஒட்டியிருக்கிறது. அதே பொருள் மீண்டும் நுழைந்தவுடன் அச்செல்கள் அரிப்பையும் சிவப்பையும் உண்டாக்கும் ஹிஸ்டமினை வெளியேற்றுவதால் நிமிடங்களிலேயே அறிகுறி தெரிந்துவிடும். சினைப்பைப் புற்றுநோய்க்குத் தரப்படும் கார்போபிளாட்டின் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆறு தவணைகளைத் தொல்லையின்றி முடித்தவருக்கு, நோய் திரும்பியபின் அதே மருந்தை மறுபடி ஏற்றும்போது, பெரும்பாலும் எட்டாவது தவணையை ஒட்டி, உள்ளங்கை அரிக்கத் தொடங்கி முகம் சிவக்கிறது. முதல் ஆறு தவணைகளும் உடலுக்கு அறிமுகமாகவே அமைந்துவிட்டன.

நோயெதிர்ப்புச் சிகிச்சையின் கதையே வேறு. நோயெதிர்ப்பு வெள்ளையணுக்களான டி செல்களின் மேலுள்ள பிடி-1 என்னும் தடுப்பானை அடைத்து, அச்செல்களைப் புற்றுநோயின் மீது ஏவிவிடுபவை நிவோலுமாப் போன்ற மருந்துகள். இந்தத் தடுப்பு முறைகளைக் கண்டறிந்ததற்காக ஜேம்ஸ் அலிசனும் தசுக்கு ஹோன்ஜோவும் 2018இல் நோபல் பரிசு பெற்றனர். நிவோலுமாபின் அளவு இரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 25 நாட்கள் ஆகின்றன. டி செல்களின் மேல் அது இரண்டு மாதங்களுக்கும் மேலாக ஒட்டியிருக்கக்கூடும். ஆகவே கடைசி ஊசிக்குப் பல மாதங்கள் கழித்தும் தோல், குடல், தைராய்டு, நுரையீரல் ஆகியவற்றில் அழற்சி வரலாம். இதில் ஹிஸ்டமினுக்குப் பெரிய பங்கில்லை; ஹிஸ்டமினைத் தடுக்கும் செட்ரிசின் மாத்திரை அரிப்பைச் சற்றுத் தணித்தாலும் மூலத்தைத் தொடாது. தீவிரமானால் ஸ்டீராய்டு தேவைப்படும். அரிப்போடு வயிற்றுப்போக்கோ மூச்சிரைப்போ சேர்ந்தால், தோல் மருத்துவரோடு நின்றுவிடாமல் புற்றுநோய் மருத்துவரிடமே போக வேண்டும்.

கதிர்வீச்சு பெற்றவர்களிடம் இன்னும் விசித்திரமான ஒன்றைக் காணலாம். கதிர் பட்டு எப்போதோ ஆறிப்போன இடம், ஜெம்சிட்டபின் போன்ற வேறொரு மருந்தை ஏற்றியதும் திடீரெனச் சிவக்கிறது. 1959இல் ஆக்டினோமைசின் மருந்தோடு முதலில் விவரிக்கப்பட்ட இவ்விளைவை எல்லைக்கோடே காட்டிக்கொடுத்துவிடும்: முன்பு கதிர் பாய்ச்சிய கட்டத்தின் வடிவத்தில், அளந்து வரைந்தாற்போல் அந்தச் சிவப்பு நிற்கும். காரணம் இன்னும் முழுமையாக விளங்கவில்லை.

தொண்டை அடைத்து, மூச்சு முட்டி, தலை சுற்றினால் காரணத்தை ஆராய நேரமில்லை. தொடைத் தசையில் போடும் அட்ரினலின் ஊசியே அப்போதைக்கு மருந்து, மாத்திரை அதற்கு ஈடாகாது. மற்ற வேளைகளில், பெற்ற மருந்துகளின் பெயர்கள், கடைசித் தவணையின் தேதி, கதிர்வீச்சு தந்த இடம் ஆகியவை அடங்கிய சிகிச்சைச் சுருக்கம் கையில் இருந்தால் மருத்துவரின் வேலை பாதி குறையும். தொடர் பரிசோதனைக்கான சிடி ஸ்கேனில் ஏற்றும் அயோடின் சாயமும் ஒவ்வாமை தரக்கூடியது என்பதால், முன்பு அதனால் தடிப்பு வந்திருந்தால், ஊசி குத்துவதற்கு முன்பே ஸ்கேன் அறையில் சொல்லிவிட வேண்டும்.